பத்திரமாக வைத்த காகிதம்

அத்தியாயம் 11

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்ரீவித்யா அலுவலகக் கணினியை மூடாமலேயே எழுந்து வந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். மருத்துவமனைகள் அனுப்பும் காப்பீட்டுக் கோரிக்கைகளைப் படித்து ஒப்புதல் தருகிற டாக்டர் அவள். திரையில் இருந்தது கோவளம் பக்கத்துக் குப்பத்தைச் சேர்ந்த பாலகுரு என்ற மீனவரின் கோரிக்கை. ரத்த வாந்தி, அவசர சிகிச்சை. கூடவே ஒரு பழைய டிஸ்சார்ஜ் சம்மரியின் புகைப்படம். அதன் அடியில் இருந்த கையெழுத்து அவளுடைய அப்பாவின் கையெழுத்து.

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அந்த அப்பா ஊரப்பாக்கம் வீட்டில், இட்லித் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டுத் தன் பேச்சைத் தானே திருத்திக்கொண்டிருந்தார்.

டாக்டர் சாம்பசிவனைத் தெரியாதவர் கூடுவாஞ்சேரியில் இருந்தால் அவர் போன மாதம் குடிவந்தவராகத்தான் இருக்க வேண்டும். அங்கே ஒரு நடுத்தர ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடமாகப் பொது மருத்துவர். வீண் ஊசி போடமாட்டார், வீண் டெஸ்ட் எழுதமாட்டார். ஒரே ஒரு விஷயத்தில்தான் மனுஷன் நச்சரிப்பார். நோயாளி எழுந்து கதவருகே போன பிறகும் கூப்பிட்டு நிறுத்தி, "பேப்பரைப் பத்திரமா வச்சுக்கோங்க. எந்த டாக்டர்கிட்ட போனாலும் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி இதைக் காட்டுங்க" என்பார். நர்ஸுகள் அவர் முதுகுக்குப் பின்னால் இதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டிச் சிரிப்பதுண்டு.

அன்று மாலை ஐந்து மணிக்குத் தாம்பரத்தில் டாக்டர்கள் சங்கக் கூட்டம். அவர்தான் சிறப்புப் பேச்சாளர். தலைப்பு, 'படுத்தால்தான் காப்பீடா?'

"கேளு வேதா" என்றார் மனைவியிடம். "ஒருத்தன் தலை சுத்தி விழுந்துட்டான். ஸ்கேன் எடுக்கணும். வெளிநோயாளியா எடுத்தா பாலிசி குடுக்காது. ஆஸ்பத்திரில படுத்தாதான் குடுக்கும். அதுவும் தலைசுத்தல்னு படுத்தா குடுக்காது, பெரிய வியாதியா இருக்கணும். அப்ப வியாதி பெருசாகற வரைக்கும் அவன் வெளியிலயே நிக்கணுமா?"

வேதா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "கை தட்டுவாங்க. இதைப் போட்டுப் பாருங்க, காலர் சரியா வந்திருக்கான்னு" என்றாள்.

அறையிலிருந்து வந்த ஸ்ரீவித்யா நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பா, அந்தத் தலைசுத்தல்காரர் பேரு பாலகுருவா?"

அவர் நிமிர்ந்தார். "ஆமாம். உனக்கெப்படித் தெரியும்?"

அவள் கைபேசியை அவர் முன்னால் வைத்தாள். "இதை உங்ககிட்ட காட்டறதே தப்பு. ஆனா காட்டாம இருக்க முடியலை."

படத்தின் குறுக்கே வெள்ளையாக ஒரு வெளிச்சக் கோடு. லாமினேட் செய்த காகிதத்தை யாரோ ட்யூப்லைட்டுக்குக் கீழே வைத்துப் படமெடுத்திருந்தார்கள். கோட்டுக்கு மேலே அவருடைய ஆஸ்பத்திரியின் பெயர், கீழே அவருடைய கையெழுத்து. நடுவில், நோய் என்ற இடத்தில், 'மைல்டு ஸ்ட்ரோக்'.

"எட்டு மாசம் ஆச்சு" என்றார் சாம்பசிவன். "வலை இழுக்கும்போது மணல்லயே விழுந்துட்டான். அவன் அண்ணன் மூளைக் கட்டியில போனவன். நான் எப்படி ஸ்கேன் எடுக்காம அனுப்பறது? எடுத்தேன். ஒண்ணுமில்ல. காதுக்குள்ள பேலன்ஸ் கோளாறு, அவ்வளவுதான். சந்தோஷமா அனுப்பி வச்சேன்."

"மைல்டு ஸ்ட்ரோக்னு எழுதி அனுப்பி வச்சீங்க."

"அப்படி எழுதினாதான் அப்ரூவல் வரும். உங்க ஆபீஸ் ரூல்தானே, உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஸ்ட்ரோக்னு எழுதிட்டு, ரத்தம் உறையாம இருக்கற மாத்திரையை எழுதாம விட்டுட்டீங்க. ஸ்ட்ரோக்கே இல்லாதவருக்கு எப்படி எழுதுவீங்க? நாலு மாசம் முன்னாடி குப்பத்துல இலவச முகாம் நடந்திருக்கு. அங்க வந்த டாக்டர் இந்தப் பேப்பரைப் பாத்து, முக்கியமான மாத்திரை விட்டுப்போச்சேன்னு ரெண்டு மாத்திரை எழுதிக் குடுத்திருக்கார். கேஸ் ஹிஸ்டரில எல்லாம் இருக்கு."

சாம்பசிவன் பேனாவைக் கீழே வைத்தார். அதற்கு மேல் ஒரு டாக்டருக்கு விளக்கத் தேவையில்லை. வலை இழுக்கிறவர்களின் தோள்வலி அவருக்குத் தெரியும், மெடிக்கல் ஷாப்பில் அவர்கள் கேட்டு வாங்குகிற வலி மாத்திரையும் தெரியும். அதோடு ரத்தத்தை நீர்க்கச் செய்கிற மாத்திரை இரண்டும் சேர்ந்தால் வயிறு புண்ணாகி ரத்தம் கசியும் என்றும் தெரியும்.

"இப்ப எப்படி இருக்கான்?"

"கோவிலம்பாக்கத்துல ஐ.சி.யூ. எண்டோஸ்கோப்பி பண்ணி ரத்தத்தை நிறுத்தியிருக்காங்க. மூணு யூனிட் ஏத்தியிருக்காங்க."

அவர் அங்கேயே உட்கார்ந்து அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். பாலகுருவைப் பார்த்துக்கொள்ளும் டாக்டர் கிறிஸ்டினா பேசினார். மரியாதையான, களைத்த குரல்.

"ரெண்டு மாத்திரையும் நிறுத்திட்டோம் சார். ஆனா ரொம்ப நாள் நிறுத்தி வைக்க முடியாது இல்லையா, ஸ்ட்ரோக் வந்தவர். மதியம் ரெண்டு மணிக்கு ஒரு மாத்திரையை ஆரம்பிக்கச் சொல்லி நியூராலஜிஸ்ட் எழுதிட்டுப் போயிருக்கார். எனக்கே பயமாதான் இருக்கு. திரும்ப ரத்தம் வந்தா தாங்க மாட்டார்."

"டாக்டர், அந்த மனுஷனுக்கு ஸ்ட்ரோக் வரவே இல்ல."

மறுபக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"பேப்பர்ல இருக்கே சார்."

"நான்தான் எழுதினேன். ஸ்கேனுக்காக எழுதினேன்."

"எழுதிக் குடுங்க சார்" என்றார் கிறிஸ்டினா, இன்னும் மெதுவாக. "போன்ல கேட்டதை நான் கேஸ் ஷீட்ல எழுத முடியாது. நியூராலஜிஸ்ட் முடிவை மாத்தணும்னா எனக்கு உங்க கையெழுத்து வேணும். ரெண்டு மணிக்குள்ள."

போனை வைத்தபோது வேதா இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள்.

"எழுதிக் குடுத்தா என்ன ஆகும்?" என்று மகளைக் கேட்டாள்.

"அந்த லெட்டர் ஃபைல்ல சேரும். ஃபைல் எங்க ஆபீசுக்கு வரும். பொய்யா எழுதி க்ளெய்ம் வாங்கினதா ஆகும். அப்பா வேலை செய்யற ஆஸ்பத்திரியையே பாலிசியிலேர்ந்து எடுத்துடலாம். அப்பாவோட லைசென்ஸ் வரைக்கும் போகலாம்."

"ஆஸ்பத்திரியை எடுத்துட்டா அந்தக் குப்பத்து ஜனங்க எங்க போவாங்க? இருநூறு குடும்பம் இவரை நம்பி இருக்கு. வாயால சொல்லி அந்த டாக்டரம்மாவை ஒத்துக்க வைக்க முடியாதா?"

வேதா நியாயமான பெண். கணவருக்காக மட்டும் பேசவில்லை. சாம்பசிவனும் இதே நியாயத்தை மனதுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டார் என்பதை அவர் முகம் காட்டிக் கொடுத்தது. எனக்கு அவரிடம் பிடித்ததும் பிடிக்காததும் இதுதான். எப்போதும் அவரிடம் ஒரு நல்ல காரணம் தயாராக இருக்கும்.

"வண்டியை எடு வித்யா" என்றார்.

பெருங்களத்தூர் தாண்டுவதற்குள்ளேயே பத்தரை ஆகிவிட்டது. ஜி.எஸ்.டி. ரோட்டில் சனிக்கிழமைக் கூட்டம். ஸ்ரீவித்யா ஓட்டினாள். பக்கத்தில் சாம்பசிவன் லெட்டர்பேடை மடியில் வைத்துக்கொண்டு, பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"நான் பொய் எழுதலைன்னா அவனுக்கு ஸ்கேன் கிடையாது" என்றார். "ஒருவேளை கட்டியா இருந்திருந்தா? அப்ப நான் எழுதினது தப்புன்னு சொல்லுவியா நீ?"

"தெரியலைப்பா."

"கூட்டத்துல இதைத்தான் கேக்கப் போறேன். வியாதி இருக்கா இல்லையான்னு பாக்கறதுக்கே வியாதின்னு எழுத வேண்டியிருக்குன்னா யார் மேல தப்பு? எல்லா டாக்டருக்கும் தெரியும். எல்லாரும் எழுதறாங்க. வெளியில யாரும் பேசறதில்லை."

"பேசுங்க. ஆனா பாலகுரு கதையோட பேசுங்க. ஸ்கேன் எடுத்த பாதியை மட்டும் சொல்லிட்டு இறங்கிடாதீங்க."

அவருக்குச் சுருக்கென்றது.

தாம்பரத்தில் இடது பக்கம் கூட்டம் நடக்கப்போகும் மண்டபத்தின் வாசல் தெரிந்தது. அவர் பெயர் போட்ட பேனரை இரண்டு பேர் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீவித்யா அதைப் பார்க்காதவள் மாதிரி வேளச்சேரி ரோட்டுக்குத் திரும்பினாள்.

சேலையூர் தாண்டியதும் அவள் சொன்னாள்.

"அப்பா, இன்னொண்ணு இருக்கு. எட்டு மாசம் முன்னாடி அந்த க்ளெய்ம் என் டேபிளுக்குத்தான் வந்துச்சு. சொந்தக்காரங்க கையெழுத்து இருந்தா நான் தொடவே கூடாது, வேற ஆளுக்கு மாத்தணும். அன்னிக்கு நிறைய ஃபைல். உங்க கையெழுத்தைப் பாத்தேன். அப்பா எழுதினா சரியாத்தான் இருக்கும்னு உள்ள படிக்காமலே பாஸ் பண்ணிட்டேன்."

சாம்பசிவன் அவள் பக்கம் திரும்பினார்.

"படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள். "ஸ்ட்ரோக்னு போட்டுட்டு மாத்திரை இல்லாத சம்மரியை எந்த டாக்டரும் நிறுத்தி ஒரு கேள்வி கேப்பாங்க. நான் ஒருத்திதான் கேக்கலை. நேத்து சாயங்காலத்துலேர்ந்து எனக்கு இதுதான் ஓடிக்கிட்டே இருக்கு."

அவருக்கு மகளின் தலையில் கை வைக்க வேண்டும் போலிருந்தது. வைக்கவில்லை. முப்பது வயதுப் பெண், கார் ஓட்டிக்கொண்டிருந்தாள், கண் நிறைந்திருந்தது. அவர் பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். மேடவாக்கம் சிக்னல் இரண்டு தடவை விழுந்து எழுவதற்குள் எழுதி முடித்தார். எட்டே வரி. சுற்றி வளைக்கவில்லை. 'இந்த நோயாளிக்கு ஸ்ட்ரோக் இருந்ததில்லை. காப்பீட்டு ஒப்புதலுக்காக நான் அப்படி எழுதினேன்' என்று இரண்டாவது வரியிலேயே இருந்தது.

ஆஸ்பத்திரிக்குள் போனபோது மணி பன்னிரண்டு இருபது. கிறிஸ்டினா கடிதத்தை நின்றபடியே இரண்டு தடவை படித்தார். கேஸ் ஷீட்டில் அதைச் சேர்த்து, நியூராலஜிஸ்ட்டுக்குப் போன் செய்து, அவர் ஒப்புதலோடு இரண்டு மணி மாத்திரையைக் கோடு போட்டு அடித்தார்.

"தேங்க்ஸ் சார்" என்றார். பிறகு என்ன சொல்வதென்று தெரியாமல், "அவர் வைஃப் வெளியில இருக்காங்க. உங்களைப் பத்தி ரொம்பப் பெருமையாப் பேசினாங்க" என்றார்.

அங்காளம்மா வராந்தாவில் இரும்பு நாற்காலி வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும். மீன் விற்கிற கை, நாற்காலியில் சும்மா இருக்கத் தெரியாமல் மடியிலிருந்த துணிப்பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தது. சாம்பசிவனைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"டாக்டர் சார், நீயே வந்துட்டியா? யார் சொன்னா உனக்கு?"

"உக்காரும்மா."

"நீ சொன்ன மாரியே செஞ்சேன் சார். உள்ள வந்தவுடனே பேப்பரத்தான் காட்டுனேன். அந்த டாக்டரம்மா கூட கேட்டுச்சு, இன்னாம்மா இப்டி லாமினேசன்லாம் போட்டு வெச்சிகீற, படிச்சவங்க கூட இப்டி வெச்சிக்க மாட்டாங்கன்னு. மழையில வூடு ஒழுவும் சார். நனஞ்சிடுமேன்னு கேளம்பாக்கத்துல போட்டேன்."

அவர் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஸ்ரீவித்யா சுவரோரமாக நின்றாள்.

சொல்லிவிட்டார். எதையும் மழுப்பவில்லை. உன் புருஷனுக்கு வந்தது வெறும் தலைசுத்தல், ஸ்கேனுக்காக நான் அதைப் பெரிய வியாதியாக எழுதினேன், அதைப் பார்த்துத்தான் முகாம் டாக்டர் மாத்திரை கொடுத்தார், அந்த மாத்திரையும் தோள்வலி மாத்திரையும் சேர்ந்துதான் ரத்தம் வந்தது. தப்பு என் மேலே. இவ்வளவையும் அவளுக்குப் புரிகிற வார்த்தையில், அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

அங்காளம்மா சத்தம் போடுவாள் என்று ஸ்ரீவித்யா நினைத்தாள். போட்டிருந்தால் இரண்டு பேருக்குமே கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அப்போ அதுல கீறது நெஜமில்லியா" என்று மட்டும் கேட்டாள்.

"இல்லம்மா."

"கேம்ப்புல மாத்திர குடுக்கசொல்ல அவரு வேணான்னாரு சார். எனக்கு நல்லாதான கீது, எதுக்கு மாத்திரன்னாரு. நான்தான் பேப்பர எடுத்து முன்னால வெச்சி, சாம்பசிவம் சாரே எழுதிகீறாரு, முழுங்குன்னேன். தெனம் ராத்திரி நான்தான் கையில குடுத்து, முழுங்குற வரைக்கும் எதிர்ல நின்னேன்."

சாம்பசிவன் இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ சாவுச் செய்தி சொன்னவர். உயிரோடு இருக்கிறவனைப் பற்றிச் சொல்ல வந்த இடத்தில் வார்த்தை வரவில்லை.

"இனிமே பயமில்ல. அந்த மாத்திரையை நிறுத்தியாச்சு. ரெண்டு நாள்ல வார்டுக்கு மாத்திடுவாங்க" என்றார் ஒருவழியாக.

அவள் அதற்குத் தலையாட்டினாள். ஆனால் மனசு வேறெங்கோ இருந்தது.

"ஏன் சார் எங்கிட்ட சொல்லல?" என்றாள். "பொய்யா எழுதறேம்மான்னு சொல்லியிருந்தா நான் வேணான்னா சொல்லப்போறேன்? எனக்காவத்தான எழுதுன. யார் கேட்டாலும் ஆமா ஸ்ட்ரோக்குதான்னு நானும் சாதிச்சிருப்பேன். ஆனா வூட்டுக்குள்ள எனக்குத் தெரிஞ்சிருக்கும்ல. எது நெஜம், எது பாலிசிக்குன்னு. அத ஒண்ண மட்டும் சொல்லியிருக்கலாம்ல சார்."

அவரிடம் இதற்கு ஒரு நல்ல காரணமும் இல்லை. படிக்காத ஜனங்கள், குழம்பிவிடுவார்கள், யாரிடமாவது உளறிவிடுவார்கள் என்று நினைத்தார். அதுதான் உண்மை. அதை இந்த முகத்துக்கு நேராகச் சொல்ல முடியவில்லை.

"சொல்லியிருக்கணும்" என்றார். "சொல்லலை. என்னை மன்னிச்சிடும்மா."

அந்தப் பக்கமாக வந்த ஊழியர் ஒருவர் வராந்தாவைத் துடைத்துக்கொண்டே அவர்கள் காலருகே வந்து நின்றார். உட்கார்ந்திருந்த இருவரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள். அவர் துடைத்துவிட்டு நகர்ந்தார். சாம்பசிவனின் பையில் கைபேசி அதிர்ந்தது. சங்கச் செயலாளர். ஸ்ரீவித்யா கை நீட்டி வாங்கிப் பேசினாள்.

"அப்பா ஒரு பேஷன்ட்டோட இருக்கார் சார். வருவாரான்னு நானே கூப்பிட்டுச் சொல்றேன்."

அவள் திரும்பியபோது அங்காளம்மா துணிப்பையை மடியில் கவிழ்த்திருந்தாள். ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை, ஒரு கைக்குட்டை. அதற்கடியில் பளபளவென்று இன்னொரு லாமினேட் காகிதம்.

"இது மஹாலட்சுமியோடது" என்றாள். "எம் மருமவ, தனசேகர் பொண்டாட்டி. போன வருசம் பஸ் ஸ்டாப்புல மயக்கம் போட்டு வுழுந்தப்போ ஒங்கிட்டதான் இட்டாந்தோம். நீதான் பெட்ல சேத்து ஸ்கேன் எடுத்த. அவ எங்கனா தொலச்சிடுவான்னு இதையும் நான்தான் வெச்சிகினு கீறேன்."

சாம்பசிவன் வாங்கிப் பார்த்தார். அவருடைய கையெழுத்துதான். நோய் என்ற இடத்தில், 'வலிப்பு நோய்'.

"இவளுக்கும் கேம்ப்புலதான் மாத்திர எழுதுனாங்க. இதப் பாத்துதான். இப்போ அஞ்சு மாசம் முழுகாம கீறா. பிரசவம் பாக்குற டாக்டரம்மா கூட இந்த பேப்பரப் பாத்துட்டு, நிறுத்திடாத, வலிப்பு வந்தா ரெண்டு உசுருக்கும் ஆபத்துன்னாங்க."

ஸ்ரீவித்யா சுவரை விட்டு முன்னால் வந்தாள். அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவருக்கும் ஒரே கணக்குதான் ஓடியது. வலிப்பு நிஜமென்றால் அந்த மாத்திரையை ஒரு வேளை கூட விடக்கூடாது. பொய்யென்றால் வயிற்றுக் குழந்தைக்கு ஆகாத மாத்திரையை அவள் சும்மா விழுங்கிக்கொண்டிருக்கிறாள்.

"மாத்திரை பேர் என்னம்மா?" என்று ஸ்ரீவித்யா கேட்டாள்.

"பேருல்லாம் எனக்கு இன்னா தெரியும்? வெள்ள மாத்திர. வூட்ல கீது."

சாம்பசிவன் காகிதத்தின் தேதியைப் பார்த்தார். செப்டம்பர். டெங்கு நேரம். ஒரு நாளைக்கு நூற்றைம்பது பேர் பார்த்த மாதம். பஸ் ஸ்டாப், மயக்கம், இளம் பெண். அப்படி எத்தனையோ பேர் வந்தார்கள். கை கால் இழுத்ததா, நாக்கைக் கடித்துக்கொண்டாளா, வெயிலில் சாப்பிடாமல் நின்று விழுந்தவளா? முகத்தைக் கொண்டுவரப் பார்த்தார். வரவில்லை. ஆஸ்பத்திரி ஃபைலைப் புரட்டினாலும் இதுவேதான் இருக்கும், அவரேதான் எழுதியிருப்பார். பொய்யென்று குறித்து வைக்க ஒரு இடமும் அவர் வைத்துக்கொள்ளவில்லை.

"சார்" என்றாள் அங்காளம்மா. குரலில் கோபம் இல்லை. கடையில் சரக்கை நிறுத்திக் கேட்கிற மாதிரி நேராகக் கேட்டாள். "இது நெஜமா, பாலிசிக்கா?"

அவர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறும் வெள்ளை.

"தெரியலம்மா" என்றார்.

அங்காளம்மா ரேஷன் கார்டையும் காப்பீட்டு அட்டையையும் பையில் எடுத்து வைத்தாள். அந்தக் காகிதத்தை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

"ராத்திரி மாத்திர அவ எட்டு மணிக்கு முழுங்குவா" என்றாள். "அதுக்குள்ள சொல்லிடு சார்."